தொட்டியை உடைத்தவள்

எரிமலைப் புகை மேற்கே சாய்ந்திருந்தபோது மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் லெய்சோங்கின் சேம்புத் தோட்டம் கொதிநீர் ஊற்றினாற்போல் கருகிக் கிடந்தது. சாம்பல் படிந்த புல்லைத் தின்ற பன்றிகள் நுரை தள்ளி விழுந்தன. அம்பிரிம் தீவில் இதெல்லாம் புதிதல்ல. ஆனால் இந்த முறை அவள் மகள் மேரியனும் ஓயாமல் வாந்தியெடுத்தாள்.

காய்ச்சிய தண்ணீரைத்தான் கொடுத்திருந்தாள். படகில் வந்த சுகாதாரப் பெண், ஊருக்கே இருந்த ஒரே மழைநீர்த் தொட்டியின் தண்ணீரில் ஒரு தாளை நனைத்தாள். அது சிவந்தது.

"மலைப் புகையில இருக்கிற அமிலமும் ஃபுளோரைடும் மழையோட கூரையில இறங்கி இங்க சேந்திருக்கு. காய்ச்சினா தண்ணிதான் ஆவியாகும். விஷம் கெட்டியாகும்."

தன் கையால் மகளுக்குக் காய்ச்சி வைத்திருந்த மிச்சத் தண்ணீரை லெய்சோங் மண்ணில் கொட்டினாள்.

கணவன் நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போயிருந்தான். தொட்டி அவன் தம்பி பூலேயின் காவலில் இருந்தது. படகு கிளம்பியதும் அவன் குழாயைத் திறந்துவிட்டான். பிள்ளைகள் குடத்தோடு முண்டியடித்தன.

"மூடுடா அத!"

"மூடிட்டு எதக் குடிக்க, அண்ணி? பக்கத்துல ஆறு ஓடுதா? எங்கப்பன் காலம் பூரா இதத்தான் குடிச்சான்."

"இதக் குடிச்சுக் கருத்த உங்கப்பன் பல்லையும் மடக்க முடியாத முட்டியையும் பாத்தவதாண்டா நான்!"

யாரோ சிரித்துவிட்டார்கள். பூலே அவளை அறைந்தான். வாயில் ரத்தம் கரித்தது. அவள் வீட்டுக்குள் ஓடிக் கோடரியோடு வந்தாள். முதல் வெட்டில் பிளாஸ்டிக் தொட்டி பிளந்தது. அவன் அவள் முடியைப் பிடித்து மண்ணில் இழுத்தான், விலாவில் மிதித்தான். உருண்டு எழுந்தவள் கண்மண் தெரியாமல் ஓங்கினாள். குறுக்கே நீட்டிய அவன் முன்கையில் கோடரி இறங்கியது.

பூலே அலறி உட்கார்ந்தான். அவள் அவனைத் தாண்டிப் போய்த் தொட்டியை இன்னும் இரண்டு இடத்தில் பிளந்தாள். சேற்றில் ஓடிய தண்ணீரை அள்ளப் போன பிள்ளைகளை உதைத்து விரட்டினாள். படுக்கையிலிருந்து எழுந்து வந்த மேரியனுக்கும் ஓர் அடி விழுந்தது.

பிறகுதான் கோடரியைப் போட்டாள். இளநீரை வெட்டி அவன் புண்ணில் ஊற்றினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "பிசாசு… கொன்னுருப்படி நீ" என்றான்.

"ஆமாண்டா. கைய ஆட்டாத."

கப்பல் தண்ணீர் கொண்டுவரும்வரை ஊரே இளநீரில் காலம் தள்ளியது. அது எல்லாருக்கும் போதவில்லை; ஒரு கிழவர் தாகத்தில் செத்தார். அவர் மகள் லெய்சோங் வீட்டு வாசலில் நின்று நெஞ்சில் அறைந்து சபித்தாள். லெய்சோங் கதவைச் சாத்தவில்லை.

பஞ்சாயத்தில் அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே பன்றியை, அங்கே பணத்துக்குச் சமமான கோரைப்பல் வளைந்த பன்றியை, அபராதமாகக் கேட்டார்கள். கொடுத்தாள்.

"தப்புன்னு ஒத்துக்கிறியா?" என்றார் தலைவர்.

"அவன் கைக்கு ஒத்துக்கிறேன். அந்தப் பெரியவருக்கும். தொட்டிக்கு மாட்டேன்."

கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த பூலே நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவனுடைய மூன்று விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. மேரியன் பிழைத்துக்கொண்டாள்.