பிள்ளை பிடிக்க வந்தவர்கள்

நடராசன் சார் இளையபெருமாளுக்குத் தரவேண்டியது ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். ஜெயங்கொண்டத்தில் அவர் வீட்டுக் குளியலறையைப் பூசிக்கொடுத்த கூலி. பொங்கலுக்கு முன்னால் முடித்த வேலை, சித்திரை போயும் காசு வரவில்லை. கேட்டால், "காலேஜ்ல சம்பளம் போடலைங்க" என்பார். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தினமும் வேலைக்குப் போகிறவருக்குச் சம்பளம் இல்லையாம்! இளையபெருமாள் நம்பவில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் இளையபெருமாளின் ஊரான விக்கிரமங்கலத்துக்கே வந்து காலேஜ் வேனைவிட்டு இறங்கினார். கூடவே லீலாவதி மேடம் என்று இன்னொரு ஆசிரியை. பாக்கி தரத்தான் வந்திருக்கிறார் என்று இளையபெருமாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சார் பையிலிருந்து எடுத்ததோ, பெரம்பலூர்ப் பக்கம் புதிதாக முளைத்த அவருடைய காலேஜின் வழவழ நோட்டீஸ்.

"உங்க பொண்ணு ஆர்த்தி பிளஸ் டூ பாசாமே. எங்க காலேஜ்ல சேத்து வுடுங்க. ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் குடுத்தா இப்பவே சீட்டு."

"பழைய பாக்கிய நீங்க குடுக்கல, நான் மட்டும் ஒரிஜினலக் குடுக்கணுமா? நல்லாருக்கு சார் நாயம்!"

சாருக்கு முகம் செத்துப்போனது. மேடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ் இருக்கு, லேப் இருக்கு என்று ஒப்பிக்க ஆரம்பித்தார். வார்த்தைக்கு வார்த்தை எதற்கு அந்தம்மாவைப் பார்க்கிறார்? இளையபெருமாளுக்கு அதுவும் உறுத்தியது.

மேடம் தண்ணீர் குடிக்க இளையபெருமாளின் மனைவி கண்ணகியோடு உள்ளே போனதும், சார் குரல் இறங்கியது.

"சேக்காதீங்க. ஒரிஜினல் உள்ள போனா வெளிய வராது. என்னோடதே அங்க மாட்டிக்கிட்டுக் கெடக்கு. ஆள் புடிச்சாத்தான் எங்களுக்குச் சம்பளம். அரியலூர் கவர்மெண்ட் காலேஜுக்கு அனுப்புங்க. மேடத்துக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். ஒருத்தர ஒருத்தர் வேவு பாக்கத்தான் சோடி போட்டு அனுப்புறாங்க."

காசு கேட்டதற்குப் புதுக்கதை கட்டுகிறாரோ? யோசிப்பதற்குள் வேன்காரன் ஹாரன் அடித்தான். சார் என்னவென்று பார்க்கத் தெருவுக்குப் போனார்.

உள்ளேயிருந்து வந்த மேடம் வாசலை எட்டிப் பார்த்தாள். "அண்ணே, பொண்ண அங்க சேத்துடாதீங்க. சர்டிபிகேட்ட அமுக்கிருவாங்க. சார்கிட்ட மட்டும் மூச்சு வுடாதீங்க, அவரு நிர்வாகத்து ஆளு."

இளையபெருமாளுக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தருக்கொருத்தர் பயந்து ஒரே பேச்சைச் சொல்கிறார்கள், பொய்யாக இருக்காது. ரெண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் போட்டு உடைத்துவிடலாமா? உடைத்தால், நீ யாருக்கு வேவு பார்க்கிறாய் என்று தன்னையே சந்தேகப்படுவார்கள்.

வேன்வரை கூடப் போனார். "எம் பொண்ணு கவர்மெண்ட் காலேஜ்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறா" என்று ரெண்டு பேர் காதிலும் விழச் சொன்னார். சாரும் மேடமும் ஆளுக்கொரு சன்னலோரம் போய் உட்கார்ந்தார்கள்.

இளையபெருமாள் சார் பக்கம் போய் நின்றார். "பூச்சுக் கூலிய வுட்டுடுங்க சார்."

"இல்லைங்க, சம்பளம் போட்டதும்..."

"எங்க போடப் போறான்? அது முடிஞ்சுபோச்சு. போயிட்டு வாங்க."