யுகேந்திரன் நீட்டிய சாலை

பத்து காஜா ஊரின் பெரிய சாலையிலிருந்து பழைய செராங்கல் ரப்பர் தோட்டத்துக்குப் போகும் பாதை ஆறு கிலோமீட்டராக இருந்தது. நான்கே ஆண்டுகளில் பத்து கிலோமீட்டர் ஆனது. அதற்கு யுகேந்திரன்தான் காரணம். அவன் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறினால் போதும், யார் மேலேயோ வண்டியை ஏற்றிவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றிவிடும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பான். செத்த தவளைகூட இருக்காது. வந்த வழியே திரும்புவான், சரியாகத்தான் பார்த்தோமா என்று சந்தேகம் வரும், மறுபடி போவான். அவன் ஒரு தடவை திரும்பிப் போனால் பாதை ஒரு முழம் வளர்ந்தது. சாலைத் துறைக்காரர்கள் அளக்கும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்கள், இரண்டு தடவை அளந்தார்கள், புதிதாக நான்கு கிலோமீட்டர் கல்லை நட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

பாதை வளர்ந்தால் பாதையோரமும் வளரும் அல்லவா? அதை முதலில் மோப்பம் பிடித்தவர் முனியாண்டி கோயில் தலைவர் அர்ச்சுனன். பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே அந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் முனிக்கு முன்னால் மூன்று தடவை ஹாரன் அடித்து, ஒரு சுருட்டு வைத்துவிட்டுத்தான் போவார்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று யுகேந்திரன் ஒருநாள் ஹாரன் அடிக்காமல் போயிருக்கிறான், அதனால்தான் முனி அவனைப் பிடித்து இழுக்கிறது, இழுக்க இழுக்க நமக்குப் பூமி தருகிறது என்று அர்ச்சுனன் கண்டுபிடித்துச் சொன்னார். என்ன மூளை! கமிட்டியில் பதினோரு பேர் இருந்தார்கள், பதினோரு பேரும் தலையாட்டினார்கள். திருவிழாவில் அவனுக்குப் பரிவட்டம் கட்டி மாலை போட்டார்கள். புது நிலத்தில் தேங்காய்க் கடை வந்தது, தேநீர்க் கொட்டகை வந்தது, கார் நிறுத்த இடம் வந்தது, கல்யாண மண்டபத்துக்குக் கம்பிகூட நட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, இன்றைக்கு எத்தனை தடவை திரும்பினாய் என்று இனிக்க இனிக்க விசாரித்தார்கள். மனுசன் இளைத்துக்கொண்டே போகிறானே, சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று கேட்க ஒரு நாதியில்லை.

கேட்டவள் அவன் மனைவி சரளா ஒருத்திதான். ஆறு மணிக்கு வர வேண்டியவன் ஒன்பதுக்கு வருவான். வந்ததும், யாரையும் இடிக்கவில்லையே என்று அவளிடம் கேட்பான். அவள் வண்டியில் ஏறினதுகூடக் கிடையாது. இருந்தும், இடிக்கவில்லை என்பாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கேட்பான், சொல்வாள். குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்பான், சொல்வாள். நான்கு வருசம் சொன்னாள். பிறகு ஒருநாள் பையைக் கட்டிக்கொண்டு தைப்பிங்கில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நேரா வண்டி ஓட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க. வழியில ஒரு தடவை திரும்பினாலும் நான் இறங்கிடுவேன்லா," என்று மட்டும் சொன்னாள்.

யுகேந்திரன் மூன்று நாள் அழுதான். நான்காம் நாள் கமிட்டிக்குத் தெரியாமல் ஈப்போவில் ஆஸ்பத்திரிக்குப் போனான். சின்ன உருவமுள்ள ஒரு சீன டாக்டரம்மா அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இது சாமியும் இல்லை பேயும் இல்லை, எண்ணச் சுழற்சி நோய் என்றார். மாத்திரை கொடுத்தார். கூடவே ஒரு கொடுமையான பயிற்சியும் கொடுத்தார். குழியில் இறங்கினால் திரும்பக் கூடாது, யாரிடமும் கேட்கக் கூடாது, பயம் வந்தால் வரட்டும். முதல் வாரம் அவன் வேனை ஓரங்கட்டிச் செம்பனை மரத்தடியில் வாந்தி எடுத்தான். ஆனாலும் திரும்பவில்லை. ஏழு மாதத்தில் பத்துக்கு ஆறு குழிகளைத் திரும்பாமல் கடந்தான். திரும்பாத ஒவ்வொரு தடவைக்கும் பாதை ஒரு முழம் குறைந்தது, திரும்பினால் பழையபடி வளர்ந்தது.

தேங்காய்க் கடை நகர்ந்து வந்து தேநீர்க் கொட்டகையில் இடித்த அன்று கமிட்டி அவசரமாகக் கூடியது. குணமாவது சாமிக் குற்றம் என்று தீர்மானம் போட்டார்கள், அந்த வெட்கங்கெட்டவர்கள். அர்ச்சுனன் வீடு தேடி வந்து, "தம்பி, நீ நல்லா இருக்கணும்னுதான் நாங்களும் ஆசைப்படுறோம். ஆனா மண்டபம் முடியற வரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?" என்றார். யுகேந்திரன் அன்றைய மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டான். மறுநாள் பட்டப்பகலில், பதினோரு பேரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் கோயிலுக்கு முன்னால் சாலையில் புதுக் குழி வெட்டினார்கள். அவர்கள் வாழ்நாளில் சேர்ந்து வேலை செய்தது அந்த ஒருநாள்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யுகேந்திரன் தைப்பிங்கிற்குப் போய்ச் சரளாவை ஏற்றிக்கொண்டான். பெரிய சாலையில் ஒரு தடவையும் திரும்பவில்லை. தோட்டப் பாதையிலும் திரும்பவில்லை. கோயிலுக்கு முன்னால், கமிட்டி முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்க, சக்கரம் அந்தக் குழியில் தடால் என்று இறங்கி ஏறியது. அவன் முகம் வெளிறியது. கால் பிரேக்குக்குப் போனது.

"சரளா, யாரையும் இடிக்கலையே?"

டாக்டரம்மா அவளிடமும் போனில் பேசி, அவன் கேட்டால் இனி ஆறுதல் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"எனக்குத் தெரியலைங்க. இடிச்சும் இருக்கலாம்."

அந்த நிமிடம் அவளைப் போல ஒரு எதிரி அவனுக்கு உலகத்தில் இல்லை. உள்ளங்கை வேர்வையில் ஸ்டீயரிங் வழுக்கியது. கண்ணாடியில் அர்ச்சுனன் இரண்டு கையையும் தூக்கி வா வா என்று கூப்பிடுவது தெரிந்தது. சரளாவின் கை கதவுப் பிடியில் இருந்தது. அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, அழுதுகொண்டே ஓட்டினான்.

பின்னால், பாதை வளர்ந்ததில் மிச்சமிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் பாயைச் சுருட்டுவது போலச் சுருண்டு உள்ளே போனது. கடையும் கொட்டகையும் மண்டபக் கம்பியும் வந்து, கோயிலை ஒட்டியிருந்த அர்ச்சுனன் வீட்டு அடுப்படியில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டன. சாலைத் துறைக்காரர்கள் நான்கு கல்லையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அர்ச்சுனன் இப்போது தேங்காய்க் குவியல் மேல் ஏறி இறங்கித்தான் சாப்பிடப் போகிறார், பழகிவிட்டது. யுகேந்திரனுக்கு இன்றும் குழியில் இறங்கினால் அந்தச் சந்தேகம் வரும். இடித்தும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கியரை மாற்றுவான். ஆறு மணிக்கு வீட்டில் இருப்பான்.