இரண்டாவது கிளிக்

1

இந்தக் கதையை நான் ஷேர் ஆட்டோவில் திருடினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆபீஸ் விட்டு வானகரம் போகும்போது எதிரே உட்கார்ந்திருந்த பெண், மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை வலது கை ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டுவதும், சூடு பட்டதுபோலக் கையை இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். மறுபடி ஒரு தட்டு, மறுபடி இழுப்பு. ஏதோ வியாதி என்று நினைத்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

"இன்னாம்மா அப்டி பாக்குற? கம்ப்யூட்டர் கத்துகினு கீறேன்."

பெயர் கோமளா. (உண்மைப் பெயர் அல்ல. "பேர மாத்திக்கோ, மூஞ்ச மாத்தாத" என்பது அவர் போட்ட நிபந்தனை.) அன்றிலிருந்து மாலையில் இருவருக்கும் ஒரே ஆட்டோதான்.

இன்று சனிக்கிழமை காலை. கம்பெனியில் அவருக்குக் கணினித் தேர்வு. அவர் அங்கே கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிற இதே நேரத்தில் நான் வீட்டில் என் கணினி முன்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வரிக்கு ஒரு தடவை போனைப் பார்க்கிறேன். இத்தனைக்கும் தேர்வு எனக்கில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"வாழ்க்கையில் முதன்முறையாக மவுஸைத் தொட்ட கோமளாவுக்கு, அது உயிருள்ள ஒரு பிராணியைப் போல—"

வேண்டாம். அவர் பிராணிகளுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை.

இரண்டாவது:

"ஏழைத் தொழிலாளிப் பெண் ஒருத்தி கணினியை வென்ற—"

இதை எழுதியதற்கு என்னை நாலு சாத்து சாத்த வேண்டும். கோமளா பத்தாவது பாஸ். கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே பவர் பிரஸ் ஓட்டுகிறவர். டன் கணக்கில் இரும்பு இறங்கும் இடத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கு நான் தைரியம் பிச்சை போடுகிறேனா?

அப்படியென்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற மவுஸிடம் என்ன பயம்? கதை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல முதலில் மெஷினைச் சொல்ல வேண்டும்.

3

பவர் பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பொத்தான்கள். ஒன்று இந்தக் கோடி, ஒன்று அந்தக் கோடி. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். ஒரு கை பொத்தானிலும் ஒரு கை அச்சுக்குள்ளும் இருந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. ஓர் அழுத்து, ஓர் அடி. அதற்கு மேல் தானாகவே இன்னொரு அடி இறங்கிவிட்டால் அதற்கு அங்கே 'டபுள்' என்று பெயர்.

அதே கம்பெனியில் வேலை பார்த்த ஞானம்மாளுக்கு இரண்டு விரல் போனது டபுளில்தான். அடித்த தகட்டை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். யாரும் அழுத்தாமலே மெஷின் இன்னொரு தடவை இறங்கியது. பக்கத்து மெஷினில் நின்றிருந்தவர் கோமளா.

"அன்னிலேர்ந்து ஒரு அடி வுழுந்தா அடுத்தது வுழுமோன்னு ஒடம்பே பதறும். அந்தப் பயத்துல தான் பத்து வெரலும் முழுசா கீது. இப்ப ஸ்டெஃபி மேடம் வந்து சொல்லுது, டபுளா அடிங்கக்கான்னு."

ஸ்டெஃபி, கம்பெனி வரவழைத்த கணினிப் பயிற்சியாளர். ஃபைலைத் திறக்க டபுள் கிளிக்.* கோமளாவின் விரல் ஒரு கிளிக் செய்கிறது. இரண்டாவதற்குள் கை காற்றில் இருக்கிறது. இடது கையோ, எங்கே போவதென்று தெரியாமல் மேஜையின் அந்தக் கோடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திச் சேமிக்கச் சொன்னால் வகுப்பிலேயே அவர்தான் முதல். இரண்டு கை, ஒரே நேரம்.

தேறினால், சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச்சில் கணினி வேலை. தேறாதவர்களை, புது ஆட்டோமேட்டிக் பிரஸ் வந்ததும் அனுப்பிவிடுவார்கள். கோமளாவின் சம்பளத்தில்தான் அந்த வீடு நடக்கிறது.

* "என்டர் தட்டினாலே திறக்குமே?" என்று கேட்கப்போகும் வாசகருக்கு: ஸ்டெஃபியும் அதைத்தான் சொன்னார். தேர்வு வைக்கும் மேலாளர், மவுஸில்தான் திறந்துகாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

4

ஸ்டெஃபி மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. அவரை வில்லியாக்கி, எல்லோர் முன்னாலும் கோமளாவைத் திட்டுவதாக ஒரு காட்சி எழுதி, ஆட்டோவிலேயே கோமளாவுக்குப் படித்தும் காட்டினேன்.

"அந்த சீன அடிச்சிடு. அந்தப் பொண்ணு சாப்டக்கூட போவாம என் கூட குந்திகினு கீது. நான் ஃபெயிலானா அதுவும் அழுவும்."

"அப்போ இந்தக் கதையில வில்லன் யாருக்கா?"

"வில்லன்லாம் இல்லம்மா. பயம்தான் கீது."

அடித்துவிட்டேன். நல்ல காட்சி அது, இன்னும் மனசு கேட்கவில்லை.

5

முடிவு அ: கண்ணை மூடி ஞானம்மாளை நினைத்துக்கொள்கிறார். கிளிக், கிளிக். ஃபைல் திறக்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

(ஒருத்தி இழந்த விரல்களை என் கதைக்கு ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளக் கூசுகிறது.)

முடிவு ஆ: மூன்று முறை முயன்றும் முடியாமல், கேட்டுக்கு வெளியே வந்து கோமளா தன் சாப்பாட்டுப் பையை

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எழுதினால் பலித்துவிடுமோ என்ற பயம். ஐடி வேலை பார்க்கிறவள். ஜாதகம் பார்க்கிற அம்மாவோடு சண்டை போடுகிறவள். இருந்தும் முடிக்கவில்லை.

நேற்று மாலை ஆட்டோவில் அவரே கேட்டார்.

"கத எய்திட்டியா?"

"முடிவு மட்டும் பாக்கிக்கா."

"நான் பாஸுன்னு முன்னாடியே எய்தி வெச்சிடாத. நாள பின்ன படிச்சா வவுறு எரியும். முடிஞ்சதும் நானே போன் பண்றேன். எட்த்தவொடனே நான் பேசினா பாஸு. நான் கம்முனு இருந்தா நீ பேசு."

"என்ன பேசறது?"

"இன்னா வேணா பேசு. இந்தக் கதைய கூடப் படி. கம்முனு மட்டும் இருக்காத."

மதுரவாயல் வரும்வரை பையைத் தட்டிக்கொண்டே வந்தார். இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை, விரல் இரண்டு முறை பட்டதுபோல இருந்தது. ஆட்டோ பள்ளத்தில் இறங்கியதால்கூட இருக்கலாம்.

6

போன் அடிக்கிறது.

திரையில் அவர் பெயர், உண்மைப் பெயர். என் இரண்டு கைகளும் கீபோர்டு மேலேயே இருக்கின்றன. எடுக்க வரவில்லை. மெஷின்கூட இல்லாத அறையில் நான் இப்படிப் பயப்படுகிறேன்.

நீங்கள் எடுங்கள். எடுத்ததும் ஹலோ சொல்லிவிடாதீர்கள், முதலில் பேச வேண்டியவர் அவர். பின்னால் மெஷின் சத்தம் இரைச்சலாக இருக்கும், காதோடு ஒட்டி வைத்துக் கேளுங்கள். உடனே குரல் வராவிட்டால் பதறாதீர்கள், மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். கொஞ்சம் பொறுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் இதை முதல் வரியிலிருந்து அவருக்குப் படிக்கத் தொடங்குங்கள்.

எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை மட்டும் நான் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை.