ஏழாம் பிரிவின் மூக்குக்கண்ணாடி

நாரைகள் பேஸ்பால் அணியைப் பற்றி மார்லிஸ் ட்வெட்டிடம் இல்லாத அபிப்பிராயம் கிடையாது. ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்குமுன் காரை எடுக்க ஓடுகிறவர்களுக்கு மறு வருஷம் டிக்கெட்டே கொடுக்கக் கூடாது. வரிசை வரிசையாக எழுந்து உட்கார்ந்து அலை கிளப்புகிறவர்கள் ஆட்டம் பார்க்க வந்தவர்கள் அல்ல, வெயில் காய வந்தவர்கள். நூறு பந்து வீசிவிட்டான் என்பதற்காக பிட்சரைக் கழற்றுகிற மேனேஜருக்கு எண்ணத் தெரியும், பார்க்கத் தெரியாது. இடைவேளையில் நாரை வேஷம் கட்டி ஆடுகிற ஆளுக்கு அவ்வளவு பெருத்த தொடை இருக்கலாமா, நாரைக்கு அவமானமில்லையா? இதையெல்லாம் ஏழாம் பிரிவு, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, இருபத்திரண்டு கோடைகளாகக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவள் சொல்லி வந்தாள். கேட்காதவர்களுக்குக் கொஞ்சம் உரக்க.

ஹார்லன் ஃபெரி பெரிய ஊர் அல்ல. மிசிசிப்பிக் கரையில் ஒரு தானியக் கிடங்கு, இரண்டு தேவாலயம், மூவாயிரம் பேர் உட்காரும் ஒரு மைதானம். அணியும் சின்னச் சம்பளத்துக்கு ஆடும் சின்ன அணிதான். பெரிய அணிகளுக்குப் போக முடியாதவர்களும், போய்த் திரும்பியவர்களும் ஆடுவார்கள். அதனால் என்ன? மார்லிஸ் கிடங்கில் எடை மேடைக்காரி. சோளம் ஏற்றி வரும் லாரிகளை நிறுத்துச் சீட்டு எழுதுவது வேலை. சொந்த அண்ணன் லாரிக்கும் ஒரு பவுண்டு கூட்டி எழுதியதில்லை என்று ஊருக்கே தெரியும். அண்ணன் இரண்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பக்கமே வரவில்லை. அதே கையால் அவள் ஒவ்வொரு ஆட்டத்தையும் பந்து பந்தாகத் தன் நோட்டில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள்.

அவளுடைய பரம விரோதி ஆர்வில் ஹாக். அவர் அணியின் ஆட்டக் குறிப்பாளர். பந்து அடிபட்டு ஆள் ஓடி முதல் தளம் சேர்ந்துவிட்டால், அது அடித்தவன் சாமர்த்தியமா, பிடிக்க வேண்டியவன் கோட்டை விட்டதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. சாமர்த்தியமென்றால் ஹிட். கோட்டை விட்டதென்றால் பிழை. ஏழாம் பிரிவுக்கு நேர் மேலே பலகை அறையில் உட்கார்ந்து அவர் சொல்வார். மைதானத்துப் பலகையில் விளக்கு எரியும். எரிந்த விளக்கு மார்லிஸுக்குப் பிடிக்கவில்லையென்றால் போச்சு. சிறு பிள்ளைகள் இடுப்பில் போட்டுச் சுழற்றுகிற இரண்டு பெரிய வளையங்களுக்குக் கறுப்பு மை பூசி, நடுவில் கம்பி முறுக்கி, அவள் ஒரு ராட்சத மூக்குக்கண்ணாடி செய்து வைத்திருந்தாள். ஏழாம் பிரிவே எழுந்து நின்று அதை ஆர்வில் பக்கம் தூக்கிப் பிடிக்கும். "கண்ணாடியத் தொடச்சுப் போட்டுப் பாருய்யா!" என்று கத்தும். ஆர்வில் ஒரு தடவைகூடக் கீழே திரும்பிப் பார்த்ததில்லை. அதில்தான் அவளுக்கு ஆத்திரம்.

ஜூன் மாதம் நடந்தது எல்லாவற்றிலும் பெரிது. நாரைகளுக்கு மூன்றாம் தளத்தில் நிற்கும் மிகேல் பெனா, இருபத்தொரு வயசு, டொமினிக்கன் நாட்டிலிருந்து வந்தவன், மெதுவாக உருண்டு வந்த பந்தை ஓடிவந்து வெறுங்கையால் பொறுக்கினான். பந்து விரலிலிருந்து நழுவியது. ஆர்வில் பிழை என்று விளக்குப் போட்டார். மார்லிஸ் தொண்டை கட்டும் வரை கத்தினாள். "கையுறையால பிடிக்க நேரமே இல்லாத பந்துய்யா அது! வெறுங்கைய விட்டான்னாலே அது ஹிட்டு! பொடியன் பேர்ல எதுக்குக் கறை?" ஆட்டம் முடிந்த பிறகும் படிக்கட்டில் ஆர்வில்லை மறித்துக்கொண்டு பாடம் நடத்தினாள். அவர் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு நாள் மேல வந்து உக்காந்து பாரும்மா" என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்டு கடைசியில் அவருக்குப் பித்தப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. சீசனின் கடைசி ஆட்டத்துக்குக் குறிப்பாளர் இல்லை. அணி அலுவலகத்தார் கேட்டபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே ஆர்வில் சொன்ன பெயர் மார்லிஸ். "வாய் ஊருக்குக் கேக்கும். ஆனா நோட்டு சுத்தம்" என்றாராம்.

அப்படியாக ஞாயிற்றுக்கிழமை மதியம், இஸ்திரி போட்ட சட்டையும் சீவிய நான்கு பென்சிலுமாக மார்லிஸ் பலகை அறைக்கு ஏறினாள். கீழே அவள் இருக்கையில் கணவன் வெர்லின் வேர்க்கடலைப் பையை வைத்திருந்தான். பக்கத்தில் அந்த மூக்குக்கண்ணாடி.

"மேலேர்ந்து பாத்தா எல்லாரும் சின்னதாத் தெரியிறீங்க" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"எங்களுக்கு நீ எப்பவும் போலத்தான் தெரியிற!" என்று வெர்லின் பதில் கொடுத்தான்.

அன்று பந்து வீசியவன் டேன் ஸ்விட்சர். முப்பத்தேழு வயசு, பதினாறு வருஷம், ஒன்பது ஊர், ஒரு தடவைகூடப் பெரிய அணியில் நின்றதில்லை. இதுதான் அவன் கடைசி ஆட்டம். செவ்வாய்க்கிழமை மைத்துனனோடு கூரை வேலைக்குப் போகிறான். மார்லிஸுக்கு அவனைக் கண்டால் உயிர். மணிக்கு எண்பத்தைந்து மைலைத் தாண்டாத பந்தை வைத்துக்கொண்டு இளவட்டங்களை முட்டாளாக்கத் தெரிந்தவன் என்று அவனைப் பற்றி மட்டும் அவள் குறை சொன்னதே கிடையாது.

ஐந்தாவது இன்னிங்ஸிலேயே அவள் கவனித்துவிட்டாள். எதிரணியின் ஹிட் கட்டத்தில் பூஜ்யம். ஆறில் பூஜ்யம். ஏழில் பூஜ்யம். ஒன்பது இன்னிங்ஸும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாமல் வீசி முடிப்பது ஒரு பிட்சர் வாழ்நாளில் காண்கிற கனவு. ஆனால் அது நடந்துகொண்டிருக்கும்போது யாரும் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கெட்டுவிடும். மூவாயிரம் பேரும் ஹாட்டாக் ரொட்டியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர் லாயல் வாயில் நகத்தை வைத்திருந்தான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். நாரைகள் மூன்று, எதிரணி பூஜ்யம். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒருவன். மைதானமே எழுந்து நின்றது. மார்லிஸ் மட்டும் நோட்டில் பென்சிலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

எதிரணியின் ஓட்டக்காரப் பயல் ஒருவன் மட்டையைப் பாதி வீசினான். பந்து சோம்பேறித்தனமாக மூன்றாம் தளக் கோட்டோரம் உருண்டது. பெனா பாய்ந்து வந்தான், வெறுங்கையால் பொறுக்கினான், எறியப் போனான். பந்து விரலிலிருந்து நழுவியது. ஓட்டக்காரன் முதல் தளத்தைத் தாண்டிவிட்டான்.

மூவாயிரம் முகங்கள் பலகையைப் பார்த்தன. பிழை என்று விளக்கு எரிந்தால் டேனின் கனவு உயிரோடு இருக்கும், இன்னும் ஒருவனை அவுட் ஆக்கினால் போதும். ஹிட் என்றால் அதோடு சரி.

"மார்லிஸ்" என்றான் லாயல், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. "சட்டுனு சொல்லாத. யோசி. அவன் பிடிச்சிருக்கலாம்ல? பிடிச்சிருக்கலாம்னு சொல்லலாம்ல?"

சொல்லலாம்தான். யார் கேட்கப் போகிறார்கள்? ஊரே தோளில் தூக்கும். அவளுக்கு அப்போது உலகத்தில் வேறெதையும்விட அந்த விளக்கைப் பிழை என்று எரியவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கண் பார்த்துவிட்டதே. ஜூன் மாதத்துப் பந்து இதே கோட்டில், இதே வேகத்தில், இதே கையிலிருந்து விழுந்ததும் ஞாபகம் இருந்தது. அன்று கத்திய வாய்தானே இது? அன்று பெனாவுக்காக ஒரு நியாயம், இன்று டேனுக்காக வேறொரு நியாயமா? எடை மேடையில் வந்து நிற்கிற லாரி யாருடையது என்று முள் பார்ப்பதில்லை.

"ஹிட்டு" என்றாள். "வெறுங்கைய விட்டான். ஹிட்டுதான்."

விளக்கு எரிந்தது.

கீழேயிருந்து ஒரு ஊளை கிளம்பியது. அது முதலில் கிளம்பிய இடம் ஏழாம் பிரிவு. "கண்ணாடியத் தொடச்சுப் போட்டுப் பாரும்மா!" அவள் சொல்லிக்கொடுத்த ராகம், அவள் சொல்லிக்கொடுத்த இழுப்பு, 'யா' மட்டும் 'மா' ஆகியிருந்தது. தலைகளுக்கு மேலே அந்த ராட்சத மூக்குக்கண்ணாடி எழுந்தது. அதைத் தூக்கிப் பிடித்திருந்தவன் வெர்லின். முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய புருஷன்! அவள் ஆர்வில்லைப் போலவே நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆர்வில் ஏன் கீழே பார்த்ததில்லை என்று இப்போது புரிந்தது. பார்த்தால் அழுகை வந்துவிடும்.

அடுத்தவன் தூக்கி அடித்த பந்தை பெனாவே பிடித்தான். ஆட்டம் முடிந்தது. ஒரு ஹிட்.

கால் மணி நேரத்தில் டேன் படியேறி வந்தான். லாயல் அவசரமாகத் தன் கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினான்.

"நாளை மதியம் வரைக்கும் தீர்ப்ப மாத்தலாமாமே?" என்றான் டேன்.

"மாத்தலாம்."

"மாத்துவீங்களாம்மா?"

"மாட்டேன் கண்ணு" என்றாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. "பிழைனு சொல்லணும்னு எனக்கு எவ்ளோ ஆசையா இருந்துச்சு தெரியுமா?"

டேன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். "பெனா கீழ அழுதுட்டிருக்கான். 'மேல போயி என் பேர்லயே பிழைன்னு எழுதச் சொல்றேன்'னு குதிச்சான். நான்தான் சட்டையப் பிடிச்சு உக்கார வச்சேன். அவனுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆடணும். எனக்காக ஏன் அவன் தலையில?" தொப்பியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். "விரல்லேர்ந்து போனதுமே எனக்கும் தெரியும், அது ஹிட்டுன்னு. ஜூன்ல கத்தினத நீங்க மறந்திருப்பீங்களோன்னு ஒரு நப்பாசை. வேறொண்ணுமில்ல."

"ஒரு ஹிட்டு ஆட்டமும் லேசில்லப்பா."

"இல்லதான். ஆனா எங்கம்மா உங்கள மன்னிக்க மாட்டாங்க" என்றான். சிரித்துவிட்டு இறங்கிப் போனான்.

வெர்லின் வண்டியில் காத்திருந்தான். மூக்குக்கண்ணாடி பின்னால் கிடந்தது. ஊர் எல்லை வரை மார்லிஸ் வாய் திறக்கவில்லை. அவள் அவ்வளவு தூரம் வாய் மூடி வந்ததாக வரலாறு இல்லை.

"அது ஹிட்டுதான்" என்றான் வெர்லின், சாலையைப் பார்த்தபடி.

"அடப்பாவி! தெரிஞ்சுமா தூக்கின?"

"நீதானே சொல்லிக்கொடுத்த? இருபத்திரண்டு வருஷமா நாம தப்பான தீர்ப்புக்கா தூக்கினோம்? நமக்கு எதிரான தீர்ப்புக்குத்தானே தூக்கினோம்."

மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள்.

மறுமுனையில் ஆர்வில் ஏற்கனவே சிரித்துக்கொண்டிருந்தார். "ரேடியோவுல கேட்டேம்மா! கண்ணாடியத் தூக்கினாங்களாமே? ஐயோ, தையல் பிரியுது, சிரிக்க வைக்காத."

"சந்தோஷமா உங்களுக்கு?"

"எத்தன வருஷத்து சந்தோஷம்! அந்தப் படிய இனி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த வருஷமும் அந்த நாற்காலி உன்னோடதுதான்னு அலுவலகத்துல சொல்லிட்டேன்."

"ஆர்வில், கேளுங்க. இத்தன வருஷம் நாங்க கத்தினதுல பாதிக்குப் பாதி நீங்கதான் சரி. மன்னிச்சுக்கங்க." கொஞ்சம் நிறுத்தி, மானம் பொறுக்காமல் சேர்த்தாள். "ஜூன் மாசத்துது மட்டும் நான்தான் சரி."

"அது தெரியும்" என்றார் ஆர்வில். "அன்னிக்கு ராத்திரியே தெரியும். நீ அவ்ளோ கத்தினதால மாத்தல." அவர் குரல் தழைந்தது. "சரி, மூணாம் வரிசையில உன் இடம் இப்ப காலிதானே? அந்தக் கண்ணாடிய பத்திரமா வச்சிருக்கச் சொல்லு வெர்லின்கிட்ட. மே மாசம் நான் வந்து தூக்கணும்."