சத்தத்துக்கு என்ன விலை

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் அந்தப் பெண்ணுக்குத் தெருவில் ‘வாஷரக்கா’ என்று பெயர். போனில் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே பல்லவிதான் பாடுவார்கள்: “மெஷின்ல என்னமோ சத்தம் வருதுங்க.” என்ன மாதிரி சத்தம் என்று கேட்டால் வாயாலேயே செய்து காட்டுவார்கள். வங்கி அதிகாரி ஒருவர் வாத்து மாதிரிக் கத்தினார். பெல்ட்தான் தேய்ந்திருக்கும் என்று புது பெல்ட்டோடு போனாள். திறந்து பார்த்தால் பம்ப்பில் ஒரு சட்டைப் பொத்தான். அலைச்சல்தான் மிச்சம்.

அன்றிலிருந்து, பழுதுக்கு வரும் மெஷின்களின் சத்தத்தை செல்போனில் பதிவுசெய்ய ஆரம்பித்தாள். வெப்சைட் கட்டும் வித்தையை, தினமும் காலை ஐந்தரைக்குக் கடையைத் திறந்து உட்கார்ந்து, தட்டுத்தடுமாறித் தானே கற்றுக்கொண்டாள். ஆறு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு சத்தங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றின் கீழும் கோளாறு என்ன, நாமே சரிசெய்யலாமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா என்று நாலு வரி. ‘என்ன சத்தம்’ என்பதுதான் வெப்சைட்டின் பெயர். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

உதிரி பாகங்கள் விற்கும் பெரிய கம்பெனி ஒன்று அதை விலைக்குக் கேட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேனேஜர் அம்மா ஒருவரும் கம்ப்யூட்டர் நிபுணர் ஒருவரும் கடைக்கே வந்தார்கள். புத்தக பைண்டிங் வேலை செய்யும் அவள் புருஷன், அன்றைக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். “ரொம்ப இழுக்காத. குடுக்கறதை வாங்கிக்க” என்று வீட்டிலேயே ஓதிவிட்டுத்தான் கூட்டி வந்திருந்தான்.

மேனேஜர் ஒரு தொகையைச் சொன்னார். கடையின் இரண்டு வருஷ வாடகை வரும். புருஷன் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தான்.

“அஞ்சு வருஷ வாடகை குடுங்க” என்றாள் அவள்.

கம்ப்யூட்டர்காரர் சிரித்தார். “இதை நாங்களே மூணு மாசத்துல செஞ்சிடுவோம்மா.”

“தாராளமா செய்ங்க. ஆனா உங்க குடோன்ல இருக்கறது எல்லாம் புதுசு. அது எதுவும் சத்தம் போடாது. தேஞ்ச பேரிங், கிழிஞ்ச பெல்ட், துருப்பிடிச்ச டிரம்முக்கு எங்க போவீங்க? எனக்கு இது சேர ஆறு வருஷம் ஆச்சு.”

மேனேஜர் லேசாகப் புன்னகைத்து மடிக்கணினியைத் திருப்பினார். “சரி, இருக்கட்டும். ஆனா ஐம்பத்தேழாவது பதிவைக் கொஞ்சம் கேளுங்க. இதைச் சுத்தப்படுத்தணும் இல்லையா?”

பேரிங் கரகரத்தது. அதற்கு மேலே ஓர் ஆண் குரல் எகிறியது: “விடிஞ்சும் விடியாம இதைக் கட்டிக்கிட்டு அழுவுறியே, இந்த வெப்சைட்டு சோறு போடுமா?” உடனே அவள் குரல்: “உஷ்! பேரிங் பேசுது. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

புருஷனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. “இது எப்போ போட்ட?”

“அது ஆச்சு நாலு வருஷம். அந்த பேரிங் சத்தம் அப்புறம் கிடைக்கவே இல்ல. அதான் அப்படியே விட்டுட்டேன்.”

“எத்தனை பேர் கேட்டிருப்பாங்க?”

“தொண்ணூறாயிரம் பேர்” என்றார் கம்ப்யூட்டர்காரர். இப்போது அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மத்த எல்லாத்தையும் விட இதுதான் ஜாஸ்தி. கீழ எழுதியிருக்காங்க பாருங்க: ‘பேரிங் மாத்திட்டேன், நன்றி. அக்கா, சோறு போட்டுச்சா?’ இந்த மாதிரி நூத்துக்கணக்குல இருக்கு. மேடம், இதுல கை வைக்க வேணாம்.”

புருஷன் நிமிர்ந்து உட்கார்ந்து, “அவ சொன்னதுதாங்க விலை. என் குரலுக்குத் தனியா எதுவும் வேணாம்” என்றான். மேனேஜர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

நாலரை வருஷ வாடகைக்குப் பேச்சு முடிந்தது. ஒப்பந்தத்தில் இரண்டே இடத்தில் அவள் பேனா வைத்தாள். சத்தங்களைக் கேட்க யாரிடமும் காசு வாங்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தாள். ஐந்து வருஷத்துக்கு அவள் இதுபோல எதுவும் செய்யக் கூடாது என்ற வரியை அடித்தாள். “சத்தம் கேக்கறது என் தொழிலுங்க. காதைப் பொத்திக்கிட்டு எப்படிக் கடை நடத்தறது?”

அடுத்த வாரம் கம்பெனி அலுவலகத்தில் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தாள். பத்து நிமிஷ வேலை. பணம் வந்ததும் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்தாள். மெஷினைத் தரையில் போட்டு முதுகு ஒடியக் குனிந்த காலம் போய், உயரமான மேடை வந்தது.

ஒருநாள் சும்மா அந்த வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். ஓரிடத்தில் ‘திருகாணியைக் கழற்றவும்’ என்பதற்குப் பதில் ‘கழுவவும்’ என்று இருந்தது. அவளே செய்த பிழைதான். திருத்தக் கை தானாகப் போய்ப் பழைய பாஸ்வேர்டை அடித்தது. பாஸ்வேர்ட் தப்பு என்றது திரை. அதையே இன்னொரு தடவை நிதானமாக அடித்துப் பார்த்தாள்.

பிறகு, ‘எங்களுக்கு எழுதுங்கள்’ என்ற கட்டத்தில் மற்றவர்களைப் போலவே பிழையைச் சொல்லி, ‘ஒரு மெக்கானிக்’ என்று முடித்தாள். மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது: “திருத்திவிட்டோம். வேறு ஏதாவது கண்ணில் பட்டாலும் சொல்லுங்கள்.”

அன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது புருஷனிடம் சொன்னாள்: “நல்ல இடமாப் பார்த்துத்தான் கட்டிக் குடுத்திருக்கேன்.”