கயிற்றுக்கு அப்பால்

திருத்தணியின் நெசவாளர் தெருவில் அமாவாசையன்று தறிகள் ஓடுவதில்லை. அப்படியோர் ஓய்வு நாளில்தான் சங்கத்தார் பேருந்து ஒன்றை அமர்த்தி, ஆந்திர எல்லைக்கு அப்பால் மலைமேல் இருந்த பழைய கோட்டையைக் காணப் புறப்பட்டார்கள். அங்கே அரசர் காலத்துப் பொருள்களை வைத்து அருங்காட்சியகம் நடத்தி வந்தது அரசாங்கம்.

கெங்கம்மாள் பின்வரிசையில் தனியாக அமர்ந்திருந்தாள். அவள் இளமையிலேயே கணவனைப் பாம்பு கடித்தது. அவள் பூவையும் பொட்டையும் ஊர் பறித்தது. பாம்புக்காவது அச்சம் இருந்திருக்கும். ஊருக்கு என்ன இருந்தது?

முன்வரிசையில் அவள் 'பாவா' என்றழைக்கும் அத்தை மகன் ஜெகநாதன், தன் தாய் எல்லம்மாளின் பக்கத்தில் இருந்தான். போன மாதம் பேருந்து நிலையத் திடலில், கைம்பெண்ணுக்கு மறுவாழ்வு மறுக்கும் சமுதாயத்தை அவன் இடிமுழக்கமாய்ச் சாடினான். கூட்டத்தின் கடைசியில் நின்ற கெங்கம்மாள், அத்தனை சொல்லையும் தனக்கென்றே வாங்கிக்கொண்டாள். மறுநாள் நூல் வாங்கும் இடத்தில் அவன் மெல்லக் கேட்டான்:

"என்னைக் கட்டிக்கிறியா கெங்கா? அரக்கோணத்துல ரயில்வே வேலை கெடச்சிருக்குது. தை பொறந்தா போயிடுவேன். கோட்டைக்குப் போறோமே, ராணி மண்டபத்துல சன்னல் ஒண்ணு இருக்குதாம். அங்க வந்து பதில் சொல்லு."

அன்றிலிருந்து "ஆங்" என்று சம்மதம் சொல்லும் அந்த ஒரு சொல்லை நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

துருவேறிய வாள்களையும் பீரங்கிக் குண்டுகளையும் தந்தச் சீப்பையும் பார்த்தபின் எல்லோரும் ராணி மண்டபத்திற்கு வந்தார்கள். மறுகோடியில் கல்லில் கடைந்த சன்னல் தெரிந்தது. மலை ஆடுகள் உள்ளே புகாதிருக்க, மண்டபத்தின் குறுக்கே முழங்கால் உயரத்தில் வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது.

கூட்டம் அங்கேயே நின்றுவிட்டது. தறியில் ஏற்றுமுன் விடியலில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தோய்க்கும் மக்கள் அவர்கள். நீட்டிய நூலைத் தாண்டக் கூடாது என்பது நடக்கப் பழகும் நாளிலேயே அவர்கள் கால்களுக்குக் கற்பிக்கப்பட்ட சட்டம்.

"ஆட்டுக்குக் கட்டினது. தாண்டிப் போங்கம்மா, பர்வாலேது" என்றார் தெலுங்குக் காவலாளி. ஒருவரும் அசையவில்லை. "சுத்திகினு போவலாம் வாங்க" என்று யாரோ சொல்ல, கூட்டம் அப்படியே படியிறங்கி வெளிச்சுவரை வளைத்து நடந்தது. ஜெகநாதனும் போனான்.

கெங்கம்மாள் மட்டும் நின்றாள். கல்யாணப் புடவைக்குப் பாவு நீட்டும் விடியல்களில் அவளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். அவள் நிழல்கூட நூலின்மேல் விழலாகாது. இந்தக் கயிற்றில் யாருடைய கல்யாணம் இருக்கிறது? புடவைக் கொசுவத்தைச் சற்றே தூக்கினாள். தாண்டினாள்.

சன்னலருகே காற்று முகத்தில் மோதியது. தொலைவில், புகைபோல், திருத்தணி மலை தெரிந்தது.

சுற்றிப்போனவர்கள் பின்கதவு பூட்டியிருக்கக் கண்டு முனகிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

"அய்யய்யோ! நூலத் தாண்டிகினு நிக்கிறா பாரு! தாலி அறுத்தவளுக்கு இன்னா திமிரு!" என்று அலறினாள் எல்லம்மாள்.

"இது கயிறு, அத்தே. ஆட்டுக்குக் கட்டினது."

ஜெகநாதன் முன்னே வந்தான். அவன் கால்விரல்கள் கயிற்றைத் தொட்டன, அங்கேயே நின்றன.

"கெங்கா, நீ இந்தாண்ட வந்துடு. அம்மா பாக்குறாங்க."

"மேடையில பேசறப்ப அவங்க பாக்கலியா பாவா?"

"மேடை வேற."

"ஆங்" என்றாள். எதற்கோ சேர்த்து வைத்த அந்தச் சொல் இதற்குச் செலவாயிற்று. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நீ கேட்டதுக்குப் பதில் இங்கதான் வச்சிருக்கேன். ஓரடி எடுத்து வையி. வந்து வாங்கிக்கோ."

அவன் தாயைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கீழே பேருந்து ஒலியெழுப்பியது. அவன் தலை குனிந்து கூட்டத்தோடு படியிறங்கினான்.

மண்டபம் வெறுமையாகும்வரை அவள் சன்னலருகிலேயே நின்றாள். பின்பு மறுபடியும் கயிற்றைத் தாண்டி வந்தாள்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது, பேருந்து நின்றது. எல்லம்மாள் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஜெகநாதன் மெல்லத் திரும்பினான். கெங்கம்மாள் தன் பக்கத்து இருக்கையில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். அவன் பார்த்தான். பாதி எழுந்தான்.

ரயில் கடந்து போயிற்று. கேட் திறந்தது. பேருந்து குலுங்கிப் புறப்பட, அவன் உட்கார்ந்துவிட்டான்.

திருத்தணி வரும்வரை அவள் பையை அந்த இருக்கையில் திருப்பி வைக்கவில்லை.