நவரத்தினப் பூச்சும் முப்பத்தொரு தோசைக்கற்களும்

2003ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று முற்பகல் திருத்தணியில் எங்கள் தெருவைச் சேர்ந்த முப்பத்தொரு குடும்பங்கள், தத்தம் வீட்டு இரும்புத் தோசைக்கல்லை ஒரு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, 'நவரத்தினப் பூச்சு' என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு பாத்திரத்தைப் பெற்றுக்கொண்டன. அந்தப் பாத்திரத்தில் தோசை வார்க்க முடியாது. இதுவே என் குறை. அந்தக் குடும்பங்கள் யாவும் என் சொல்லை நம்பியே அவ்வாறு செய்தன என்பது அதனினும் பெரிய குறை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

விற்க வந்தவன் பெயர் மணவாளன், ஊர் அரக்கோணம். தெருமுனையில் வேனை நிறுத்தி, ஒரு மேசையும் கேஸ் அடுப்பும் வைத்து, ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தான். அவன் காட்டிய பாத்திரம் கன்னங்கரேலென்று இருந்தது. அந்தக் கறுப்பின்மீது ஒன்பது நிறப் புள்ளிகள் மின்னின.

"அம்மா, அக்கா, பெரிம்மா! இதுல முத்து கீது, பவளம் கீது, வைரம் கீது. எங்கம்மா கழுத்துல கூட இவ்ளோ இல்லீங்க!"

"கழுத்துல போட்டுக்கறதா, அடுப்புல வெக்கறதா? மொதல்ல அத்த சொல்லு" என்றாள் மணியம்மை. கழனி வேலைக்குப் புறப்பட்டவள், வேடிக்கை பார்க்க நின்றுவிட்டாள்.

மணவாளன் அதற்கெல்லாம் அசைந்துகொடுப்பவன் அல்லன். வெல்லத்தைப் பாத்திரத்தில் இட்டுக் கருகவைத்தான். கருகிய பாகு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பாலைத் தீயவிட்டான், ஆடை துணிபோல உரிந்தது. கடைசியாக, ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாமல் ஒரு கரண்டி மாவை ஊற்றினான். உள்ளங்கை அகலத்தில் தோசை வெந்தது. கூட்டத்தில் என்னைக் கண்டுகொண்டு, "சார், நீங்க வாத்தியாரு. நீங்க வந்து ஊதிப் பாருங்க" என்றான்.

நான் ஊதினேன். தோசை நகர்ந்தது.

மீண்டும் ஊதினேன். மீண்டும் நகர்ந்தது. கூட்டம் கைதட்டியது. ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தான். முப்பத்துநான்கு ஆண்டுகள் வகுப்பில் நின்றவன், ஒலிபெருக்கி கிடைத்ததும் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. "இது ஒட்டவில்லை. இதை என் கண்ணால் கண்டேன். வாங்கலாம்" என்றேன். முதல் இரண்டு வாக்கியங்களும் உண்மை. அவை தந்த துணிவில் மூன்றாவதும் உண்மையைப்போலவே ஒலித்தது.

பழைய இரும்புக் கல்லைக் கொடுத்தால் பாதி விலை என்றான். என் மனைவி பத்மா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே சென்று எங்கள் கல்லை எடுத்துவந்து கொடுத்தாள். முதலில் கொடுத்தது எங்கள் வீடுதான். அதன்பின் வரிசை நின்றது.

கடைசிவரை தயங்கியவர் எதிர்வீட்டுக் காமு அம்மாள். தலைமுறை தலைமுறையாக மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் குடும்பத்தவர் அவர். ஆடிக் கிருத்திகைக்கு உறவினர் முப்பது பேர் வந்து அவர் வீட்டில் தங்குவார்கள். அத்தனை பேருக்கும் ஒரே கல்லில் தோசை வார்ப்பார். அந்தக் கல்லை மார்போடு அணைத்தபடி நின்றவர், "வாத்தியாரே, நீங்க சொல்றீங்கன்னுதான் குடுக்கறேன்" என்றார். கொடுத்தார். வேன் புறப்பட்டது. கிருத்திகைக்கு மூன்று வாரம்கூட இல்லை.

எங்கள் பக்கத்தில் புதுத் தோசைக்கல்லை வாங்கிய அன்றே எவரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. முதலில் அதைப் பழக்க வேண்டும். அரிசி களைந்த கழுநீரில் ஊறப்போட்டு, சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு, கறுப்பு வடிவது நிற்கும்வரை தேய்க்க வேண்டும். மூன்று நாள் ஆகும். இது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாத செய்தி. ஆகவே, திங்கட்கிழமை விடியற்காலையில் முப்பத்தொரு வீடுகளின் கொல்லைப்புறத்திலிருந்தும் ஒரே சமயத்தில் 'சரக், சரக்' என்ற ஒலி எழுந்தது.

அந்த மூன்று நாளும் தெருவே திருவிழாக் கோலம் பூண்டது.

"பச்சை போயிடுச்சா உனுக்கு?" என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டி மணியம்மை கேட்பாள்.

"ஆங், மரகதம் போயிடுச்சு. கோமேதகந்தான் புடிச்சிகினு கீது, விட மாட்டேங்குது" என்று பதில் வரும்.

"செங்கல் தூளு போடு. தானா வரும்."

"அக்கா, எனுக்கு வைரமே போயிடுச்சு!" என்று மூன்றாவது வீட்டிலிருந்து வெற்றிக் கூச்சல் எழும்.

சாக்கடை மின்னியது. அதில் வாயை வைத்த நாய் ஒன்று, மூக்கு நுனியில் மாணிக்கமும் நீலமும் ஒட்டிக்கொள்ள, அரசகுமாரனைப்போலத் தெருவில் உலாவந்தது. யார் பாத்திரம் அதிகம் வெளுத்தது என்று போட்டி நடந்தது. காமு அம்மாள் வென்றார். புதன்கிழமை மாலையில் எல்லாப் பாத்திரங்களும் முழுநிலவைப்போல வெள்ளி நிறத்தில் ஒளிர்ந்தன. "சார், கசடெல்லாம் போயிடுச்சு. மூஞ்சி தெரியுது பாருங்க" என்று மணியம்மை என்னிடம் காட்டினாள். என் முகம் தெரிந்தது. உழைப்பைப் பாராட்டி நாலு வார்த்தை பேசினேன். பாராட்டினேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சிவக்கிறது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெரு முழுவதும் மாவு ஊற்றியது. ஏழரை மணிக்குத் தெரு முழுவதும் சுரண்டியது. பத்மா என் தட்டில் வைத்ததைத் தோசை என்று சொல்ல இயலாது, அது பொடி. அதற்குத் தேங்காய்ச் சட்னி வேறு.

"சாப்பிடுங்க. கண்ணால கண்டீங்களே" என்றாள்.

வாசலில் காமு அம்மாள் நின்றார். கையில் பாத்திரம், அதன்மீது தோசை. பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தோசை விழவில்லை. உதறினார். அப்போதும் விழவில்லை.

"இதையும் ஊதிப் பாருங்க வாத்தியாரே."

நான் பொடித் தட்டை ஓரமாக நகர்த்தினேன்.

"கிருத்திகைக்கு முப்பது பேர் வர்றாங்க. என் கல்லு எங்க? நீங்கதானே குடுக்கச் சொன்னீங்க, நீங்களே வாங்கிக் குடுங்க."

அதில் மறுக்க ஒன்றும் இல்லை. மறுநாள் காலை, எங்கள் தெரு வேடியப்பனின் சிறிய லாரியில் புறப்பட்டோம்: பத்மா, காமு அம்மாள், மணியம்மை உட்பட ஒன்பது பெண்கள், வெளுத்த பாத்திரங்கள் முப்பத்தொன்று, நான், ஒரு வாளி மாவு.

"மாவு எதற்கு?" என்று கேட்டேன்.

"நியாயம் கேக்கப் போறோம். வெறுங்கையோட போறதா?" என்றார் காமு அம்மாள்.

அரக்கோணத்தில் விசாரித்துக்கொண்டு போனோம். ஜம்புலிங்கம் என்பவருடைய பழைய இரும்புக் கடையின் முன்னே மணவாளனின் வேன் நின்றது. கடைக்குள் எங்கள் தெருவின் கற்கள் குவியலாகக் கிடந்தன. லாரி நிற்பதற்குள் பெண்கள் குதித்து ஓடினார்கள். எனக்கு எல்லாம் ஒரே இரும்பாகத் தெரிந்தது. அவர்களுக்கு அப்படி இல்லை. மணியம்மை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இது இல்ல, இது இல்ல, ஆங், இதுதான்!" என்றாள். காமு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நடுப்பள்ளத்தைத் தடவியே தம்முடையதை எடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைத் தேடிக்கொள்ளும் தாய்மாரைப்போல இருந்தது அந்தக் காட்சி.

"தொடாதீங்க!" என்று மணவாளன் ஓடிவந்தான். "நான் குடுத்ததைக் குடுத்த மாதிரியே திருப்பிக் குடுங்க, இரும்பை எடுத்துகினு போங்க." அப்போதுதான் லாரியில் இருந்தவற்றைக் கண்டான். "ஐயோ சாமி! பூச்சு எங்க?"

"சாக்கடைல" என்றாள் மணியம்மை.

"தேய்ச்சீங்களா? தேய்ச்சா போவாம என்னா பண்ணும்? நோட்டீஸ்ல எழுதிக் குடுத்தேனே!" என்று கத்திய மணவாளன், வேனுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துவந்து நீட்டினான். "அன்னிக்கு வாத்தியார்தான் இதைப் படிச்சிட்டு, சிவப்பு மையில திருத்தி என் கையில குடுத்தாரு. பாருங்க!"

அது என் கையெழுத்துதான். அந்த நோட்டீசில் பதினொரு பிழைகள் இருந்தன. பொறுக்க முடியாமல் அங்கேயே நின்று திருத்தியிருந்தேன். சாம்பல், நார், மண் போட்டுத் தேய்க்கக் கூடாது என்ற வரி ஆறாவது. அதில் விடுபட்டிருந்த ஒற்றெழுத்தை இட்டுவிட்டு ஏழாவது வரிக்குப் போயிருக்கிறேன். வரி சொல்லிய செய்தி என் மூளைக்குள் நுழையவே இல்லை. எட்டுப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பத்மா மட்டும் பார்க்கவில்லை. அவள் இன்னும் குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அவர் சங்கதியை ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார் காமு அம்மாள். பிறகு மணவாளன் பக்கம் திரும்பினார். "தேய்ச்சது எங்க தப்பு. ஒத்துக்கறேன். தேய்க்காத புதுசு ஒண்ணு எடு. அதுல நான் தோசை வாக்கறேன். வந்துட்டா இரும்பு உன்னுது, நாங்க பேசாம போயிடறோம். வரலன்னா எங்க கல்லு எங்களுக்கு. சரியா?"

மணவாளன் சிரித்தான். "இதுல வராததா? சரி யக்கா. ஜம்பு அண்ணனே சாட்சி."

"நான் இன்னும் எடையே போடல நைனா. யார் செயிச்சாலும் எனக்கு ஒண்ணுதான்" என்று ஜம்புலிங்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

அடுப்பு மூட்டப்பட்டது. ஒன்பது ரத்தினங்களும் மின்னும் புத்தம்புதிய பாத்திரம் காய்ந்தது. காமு அம்மாள் மாவை ஊற்றி, கரண்டியின் அடியால் வட்டமாக இழுத்தார்.

மாவும் கூடவே வந்தது.

கரண்டி வலப்புறம் போனால் மாவும் வலப்புறம் போனது. இடப்புறம் வந்தால் இடப்புறம் வந்தது. பரவவே இல்லை. கல்லைப் பிடித்துக்கொள்ளாத மாவு எப்படிப் பரவும்? ஒரு நாளைக்கு நூறு தோசை வார்க்கும் கை அது. அந்தக் கையால் ஒரு தோசையை விரிக்க முடியவில்லை. இரண்டாம் முறை தீயைக் குறைத்தார். மாவு கட்டியாகிச் சுற்றிச்சுற்றி வந்தது. மூன்றாம் முறை சற்று விசையாக இழுத்தார். அரைவேக்காட்டுக் கட்டி பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிப் பறந்து, மணவாளனின் சட்டைப் பையில் போய் அமர்ந்தது.

"இது தோசையா, கொழுக்கட்டையா நைனா?" என்று ஜம்புலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"குடுங்க, நான் வாக்கறேன்" என்று மணவாளன் கரண்டியைப் பிடுங்கினான். அவனுக்கும் அதே கதி.

"அன்னிக்கு நீ எப்படி வார்த்தே?" என்று காமு அம்மாள் கேட்டார்.

அவன் தலையைச் சொறிந்தான். "அன்னிக்கு ஊத்துனதோட சரிங்க. இழுக்கலை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று நான் கண்டது பொய்யன்று. ஆனால், பாதியைத்தான் கண்டேன். அவன் மாவை ஊற்றியதைப் பார்த்தேன். கரண்டியால் இழுக்காததைப் பார்க்கவில்லை. கரண்டி சுற்றிவரும் அந்த நான்கு விநாடி தோசை கல்லைப் பற்றிக்கொள்ள வேண்டும். வெந்தபின் விட்டுவிட வேண்டும். ஒருபோதும் பற்றாத பாத்திரத்தில் மெல்லிய தோசை பிறக்காது. அதில் அல்வா கிண்டலாம், ஊத்தப்பம் ஊற்றலாம், முட்டை உண்போர் முட்டை பொரிக்கலாம். அதுவும் பூச்சு இருக்கும்வரை. புள்ளி ஒன்பதானாலும் தொண்ணூறானாலும் இதில் மாற்றம் இல்லை.

காமு அம்மாள் அதே அடுப்பில் தம் கல்லை ஏற்றினார். எண்ணெய் தடவி, ஒரு கரண்டி மாவை ஒரே இழுப்பில் விரித்தார். தோசை கண்ணாடித் தாளைப்போல எழும்பி வந்தது. முதல் தோசையை மணவாளனுக்கே கொடுத்தார். அவன் மாவு அப்பிய சட்டையோடு நின்றபடியே நான்கு தின்றான். "யக்கா, இன்னொண்ணு. இந்தக் கல்லை மட்டும் எனுக்கு விட்டுட்டுப் போறீங்களா?" என்றான். மணியம்மை கரண்டியை ஓங்கினாள். அவன் வேனுக்குப் பின்னால் ஓடினான். ஒரு வாளி மாவும் அங்கேயே தீர்ந்தது. வழிப்போக்கர்களும் தின்றார்கள்.

கற்களை லாரியில் ஏற்றும்போது எண்ணினோம். முப்பது.

குவியலைப் புரட்டிக்கொண்டிருந்த பத்மா எழுந்து கையை உதறினாள். "நம்மது இல்லீங்க" என்றாள்.

முதலில் கொடுத்த கல் என்பதால் அதை மணவாளன் வேனில் முன் இருக்கையில் வைத்திருக்கிறான். கல்லை வாங்கிய ஞாயிறு மாலையே கனகம்மாசத்திரத்துக்கு வியாபாரத்துக்குப் போயிருக்கிறான். அங்கே பஸ் நிறுத்தத்தில் ஓர் அம்மையார், "அந்தக் கல்லு குடுப்பியாப்பா?" என்று கேட்டிருக்கிறார், கொடுத்துவிட்டான். பெயர் தெரியாதாம். மஞ்சள் புடவையாம்.

கிருத்திகை வந்தது. காமு அம்மாள் வீட்டில் முப்பது பேரும் தோசை உண்டார்கள். எங்களுக்கும் தட்டில் வந்தது. மூன்று ஞாயிறுகள் கனகம்மாசத்திரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். மஞ்சள் புடவை இல்லாத வீடே அங்கு இல்லை. பத்மா என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆறு வாரமாக உப்புமா போடுகிறாள்.

ஆகவே, இதைப் படிக்கும் நீங்கள் கனகம்மாசத்திரத்தையோ அதன் சுற்றுப்புறத்தையோ சேர்ந்தவராயின், இந்தத் தாளைக் கீழே வையுங்கள். எழுந்து அடுக்களைக்குச் செல்லுங்கள். தோசைக்கல்லை எடுத்துப் பாருங்கள். ஒரு காது உடைந்து, மறு காதில் செப்புக் கம்பி சுற்றியிருக்கிறதா? இருந்தால் அது என் மனைவியுடையது. அதற்கு ஈடாக நல்ல இரும்புக் கல் ஒன்றை வாங்கி, நானே என் கையால் பழக்கி வைத்திருக்கிறேன். பத்மா இன்று மாவு அரைத்துவிட்டாள். அது புளிப்பதற்குள் எங்கள் கல்லைக் கொண்டுவந்து கொடுங்கள்.